வடக்குப் பார்த்த வீட்டின் தலைவாசல் கதவுக்கு என்ன நிறம் அடிப்பது?

காங்கேயம் பக்கம் தோட்டத்தில் வீடு. போன ஆண்டு சுவருக்குச் சந்தன நிறம் அடித்து, கதவு சன்னல் ஓரங்களில் செங்காவிப் பட்டை விட்டிருக்கிறீர்கள். மேலே சிவப்பு வில்லை ஓடு, முன்னால் எட்டடித் தாழ்வாரம், அதற்குக் கிரில். வாசல் வடக்குப் பார்த்தது. கதவு வேப்ப மரம். முப்பது ஆண்டுகளுக்கு முன் அடித்த காப்பிக்கொட்டை நிற எனாமல் உரிந்து நிற்கிறது. உங்கள் மனைவிக்கு அடர்நீலம் பிடித்திருக்கிறது. அப்பாவோ, வீட்டுக் கதவுக்கு யாராவது நீலம் அடிப்பார்களா என்கிறார். வடக்கு வாசலில் வெயிலே படாது, ஆகவே எந்த நிறமும் வெளுக்காது என்று எங்கோ படித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேட்டிருப்பது நீலமா, காப்பிக்கொட்டையா என்று. ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன்: இந்தச் சுவருக்கும் இந்த ஓட்டுக்கும் நடுவே ஒரு நிறம் ஒட்டுமா ஒட்டாதா என்பதை, காசு செலவழித்து அடிப்பதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? அதைச் சொல்லிவிட்டு நீலத்துக்கு வருகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் 6 ஆண்டுகள் லேப் டிப், அதாவது கேட்ட நிறத்துக்குச் சாயமேற்றிய மாதிரித் துண்டு, போட்டவன். அதன்பின் 19 ஆண்டுகளாகப் பெயிண்டிங் கான்ட்ராக்ட்; ஈரோடு, பெருந்துறை, தாராபுரம் வட்டாரத்தில் வேலை. கதவு நிறத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி சாயப்பட்டறையில் கற்றது. அங்கே ஆர்டர் கொடுத்தவர் அனுப்பிய துணித் துண்டையும் நாங்கள் சாயமேற்றிய துண்டையும் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றுக்குள் அருகருகே வைத்து, டி65 என்ற செயற்கைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்போம். பிறகு கடை விளக்கைப் போன்ற டி.எல்.84 வெளிச்சத்துக்கு மாற்றிப் பார்ப்போம். முதல் விளக்கில் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்த இரண்டு துண்டுகள் அடுத்த விளக்கில் பங்காளிகள் போல முறைத்துக்கொள்ளும். மெட்டாமெரிசம் என்று அதற்குப் பெயர். பெயிண்ட் கடையின் டியூப்லைட்டுக்குக் கீழே ஷேடு கார்டைப் புரட்டி நிறம் முடிவு செய்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும். செல்போனில் வந்த படத்தைக் காட்டி, 'இதே நீலம் வேண்டும்' என்பவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தப் படம் எடுத்தவரின் கேமரா ஒரு முறை நிறத்தை மாற்றியிருக்கிறது, உங்கள் திரை இன்னொரு முறை மாற்றியிருக்கிறது.

முதலில் வடக்கு வாசல் விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். நீங்கள் படித்தது ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளுக்குச் சொன்னது. அங்கே வடக்குச் சுவர் ஆண்டின் பெரும்பகுதி நிழலில் கிடக்கும். காங்கேயம் ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 20ஐ ஒட்டி நம் தலைக்கு நேர் மேலே வரும் உச்சிச் சூரியன், அதற்குப் பிறகு ஆகஸ்ட் 23 வாக்கில்தான் தெற்குப் பக்கம் திரும்புகிறது. நடுவிலிருக்கும் நான்கு மாதங்கள் நண்பகலில்கூட அது நமக்கு வடக்கே நிற்கிறது. உச்சி வெயிலை உங்கள் தாழ்வாரம் தடுத்துவிடும், கவலை இல்லை. காலை, மாலைச் சாய்வெயிலைத்தான் அதனால் தடுக்க முடியாது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, மேற்குக்குச் சற்று வடக்கே மறைகிறது. தாழ்வாரத்தின் பக்கங்களை மறைத்துச் சுவர் எழுப்பவில்லை என்றால், ஆனி மாதத்துக் காலை ஏழு மணி வெயில் உங்கள் கதவின் கீழ்ப்பாதியில் சாய்ந்து விழும். உங்கள் பழைய கதவையே போய்ப் பாருங்கள். மேல்பாதி ஓரளவு கெட்டியாகவும் கீழ்ப்பாதி மங்கி உரிந்தும் இருந்தால் அதற்குச் சாய்வெயில் ஒரு காரணம், மழைச் சாரல் இன்னொரு காரணம்.

இந்தச் சாய்வெயில் வெளுக்க வைப்பதோடு நிற்காது. பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் வெளிச்சம் கதவின் மேடுபள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். பட்டி சரியாகத் தேய்க்காத இடம், பிரஷ் இழுத்த கோடு, பழைய பெயிண்டின் விளிம்பு எல்லாம் தெரியும். அடர்ந்த நிறமும் முழுப் பளபளப்பும் சேர்ந்தால் இரட்டிப்பாகத் தெரியும். பழைய கதவுக்குக் கண்ணாடி போன்ற பளபளப்பை நான் பரிந்துரைக்காததற்கு அதுதான் காரணம். பாதிப் பளபளப்பு, சாட்டின் என்று விற்பது, உங்கள் கதவுக்குப் போதும்.

அடுத்தது தாழ்வாரம். எட்டடி ஆழம் உள்ள தாழ்வாரத்தின் கடைசியில், கிரில்லுக்குப் பின்னால் நிற்கும் கதவு, தெருவிலிருந்து பார்க்கும்போது நிழலுக்குள் இருக்கிறது. வெளியே கண் கூசும் வெயில், உள்ளே நிழல். கண் வெயிலுக்குப் பழகியிருப்பதால் நிழலில் இருக்கும் அடர்நிறங்களைப் பிரித்தறியாது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு வீட்டில் உரிமையாளர் கேட்டார் என்று கறுப்புக்கு அடுத்தபடியான ஒரு நீலத்தை அடித்துக்கொடுத்தேன். அருகில் நின்று பார்த்தால் அழகு, குறை சொல்ல முடியாது. அடுத்த நாள் அவருடைய தாயார் தோட்டத்திலிருந்து வந்து, வேலிப்படலைத் திறக்கும்போதே சத்தம் போட்டார்: "ஏன் கண்ணு, கதவைச் சாத்தாமலேயே போய்விட்டீர்களா?" தெருவிலிருந்து அந்தக் கதவு திறந்து கிடக்கும் இருட்டு வாசலாகத்தான் தெரிந்தது. என் செலவில் மாற்றி அடித்தேன். அன்றிலிருந்து தாழ்வாரத்துக் கதவென்றால் ஷேடு கார்டில் எல்.ஆர்.வி. என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்காமல் ஒத்துக்கொள்வதில்லை. விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதைச் சொல்லும் எண் அது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. திறந்த வெளியில் நிற்கும் கதவு 5, 6 என்றிருந்தாலும் தாங்கும். ஆழமான தாழ்வாரத்துக்குள் 12க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறேன். இந்த 12 எந்தப் புத்தகத்திலும் உள்ள விதி அல்ல; நான் பட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு, அவ்வளவே. உங்கள் மனைவி விரும்பும் அடர்நீலங்கள் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும்.

இனி சுவர். சந்தன நிறம் என்ற பெயரில் ஒரே கம்பெனியிலேயே பல நிறங்கள் இருக்கின்றன. சிலவற்றின் அடியில் மஞ்சள் ஓடும், சிலவற்றில் இளஞ்சிவப்பு, சிலவற்றில் சாம்பல். நிறத்தின் நுட்பத்தை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காளையைப் பார்த்த மாத்திரத்தில் மயிலை, காரி, செவலை என்று பிரித்துச் சொல்பவர்கள் நீங்கள். சுவரையும் அதே கண்ணோடு பாருங்கள். காலை பத்து மணிக்கு, வெயில் நேராகப் படாத இடத்தில், ஒரு வெள்ளைத் தாளைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். தாளின் பக்கத்தில் சுவரின் உண்மையான சாயல் வெளிவந்துவிடும். மஞ்சள் ஓடும் சந்தனம் என்றால் நீலம் அதன் பக்கத்தில் இன்னும் நீலமாகும், சுவரும் இன்னும் மஞ்சளாகத் தெரியும். இரண்டு நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் தள்ளும். பாரிஸில் கோபலின் நெசவாலையின் சாயத் துறைக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரல், நூலில் குற்றம் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தால்தான் இது மங்கித் தெரிகிறது என்று கண்டுபிடித்து 1839இல் புத்தகமாகவே வெளியிட்டார். ஆகவே கார்டில் பார்த்ததைவிட ஒரு படி சாம்பல் கலந்த நீலத்தைத் தேர்ந்தால்தான் சுவரில் நீங்கள் நினைத்த நீலம் கிடைக்கும். இளஞ்சிவப்பு ஓடும் சந்தனமாக இருந்தால் நீலத்தை விட்டுவிடுங்கள். கரும்பச்சை நன்றாக இருக்கும்.

மாற்ற முடியாதவற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓட்டை நீங்கள் மாற்றப் போவதில்லை. வாசல்படிக் கல்லையும் தாழ்வாரத் தரையையும் மாற்றப் போவதில்லை. சுவருக்கும் போன ஆண்டுதான் அடித்திருக்கிறீர்கள். இவையெல்லாம் செம்மையும் மஞ்சளும் கலந்த குடும்பம். இதில் தனித்து நிற்பது கதவு ஒன்றுதான். மூன்றரைக்கு ஏழு அடி என்றால் ஒரு பக்கம் இருபத்தைந்து சதுர அடிகூட வராது. முப்பதடிச் சுவரில் அது கொஞ்சம் துணிச்சலாக இருந்தால் தப்பில்லை. ஒரு லிட்டர் பெயிண்டில் வெளிப்பக்கம் இரண்டு கோட்டிங் அடித்தும் மீதி இருக்கும். சுவரில் தவறு செய்தால் வலிக்கும். கதவில் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு போகும்.

ஆனால் வெளிநாட்டுக் கதவுப் படங்களில் இல்லாத ஒன்று நம் கதவுகளில் உண்டு. அதைக் கணக்கில் எடுக்காமல் நிறம் தேர்ந்தவர்கள் பிறகு என்னிடம் புலம்பியிருக்கிறார்கள். வாசல்படியிலும் நிலையின் காலிலும் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறோம். பல வீடுகளில் அந்த இடத்தை எனாமல் மஞ்சளாலேயே அடித்துச் சிவப்புப் பொட்டும் வரைந்துவிடுகிறார்கள். நிலையின் தலையில் மாவிலை. பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக் கட்டும்போது வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ. எந்த நிறத்தைத் தேர்ந்தாலும் அதன் காலடியில் ஒரு மஞ்சள் பட்டையும் தலையில் ஒரு பச்சையும் இருந்தே தீரும். நிலைக்கு வெள்ளையோ வெளிர் சாம்பலோ அடித்தால் ஆறு மாதத்தில் குங்குமக் கறை ஏறி அசிங்கமாகிவிடும். மஞ்சள்கூடப் பரவாயில்லை, அதன் நிறப்பொருள் வெயிலில் தானாக மங்கும். ஆனால் சுண்ணாம்பு பட்ட இடத்தில் பட்டால் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் தினமும் பார்க்கிற கதைதான். ஈரோட்டுக்காரனுக்கு மஞ்சளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, விட்டுவிடுகிறேன்.

இதையெல்லாம் வைத்துத்தான் என் முடிவு: நிலைக்கும் கிரில்லுக்கும் உங்கள் அப்பா கேட்கும் காப்பிக்கொட்டை நிறம், கதவுப் பலகைக்கு உங்கள் மனைவி கேட்கும் நீலம், ஆனால் அவர் விரும்பும் அடர்நீலத்தைவிட இரண்டு படி வெளுத்த, சாம்பல் கலந்த நீலம். மழைக்கு முன் சென்னிமலைப் பக்கம் திரண்டு நிற்கும் மேகத்தின் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சண்டை வரக் கூடாது என்பதற்காக ஆளுக்குப் பாதி பிரித்துக் கொடுக்கவில்லை. செங்காவிப் பட்டையை ஒட்டி நேரடியாக நீலம் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து விளிம்பு துடிப்பது போல இருக்கும். நடுவில் நாலு அங்குலம் காப்பிக்கொட்டை நிலை வந்தால் அது செங்காவிக்கும் ஓட்டுக்கும் உறவாகி, நீலத்தைத் தனியே பிடித்து நிறுத்தும். குங்குமக் கறையும் அதில் தெரியாது. கிரில்லுக்கு அலுமினியப் பெயிண்ட் அடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். வெள்ளிக் கம்பி வெயிலில் மின்னிப் பின்னால் இருக்கும் கதவை முழுங்கிவிடும். அடர்ந்த கிரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒதுங்கிக்கொள்ளும்.

நீலம் வெளுக்குமா என்ற பயத்துக்கு: பெயிண்டில் பரவலாகச் சேர்க்கும் தாலோசயனின் நீலமும் பச்சையும் வெயிலை நன்றாகத் தாங்குகிற நிறமிகள். காவியும் காப்பிக்கொட்டையும் இரும்பு ஆக்சைடிலிருந்து வருபவை. அவை அசைவதே இல்லை. பளிச்சென்ற சிவப்புகளும் மஞ்சள்களும்தான் சீக்கிரம் காலைவாரிவிடும். அடர்நீலக் கதவு வெளுத்துவிட்டது என்று சொல்வார்கள். பெரும்பாலும் நீலம் போயிருக்காது, மேலே எனாமலின் பிசின் வெயிலில் சிதைந்து மாவு பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் ஒட்டும். அடர்நிறத்தில் அந்த வெள்ளை மாவு எடுப்பாகத் தெரியும், நடுத்தர நிறத்தில் தெரியாது. புழுதிக்கும் இதே கணக்குதான். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் ஊர்க் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, செம்மண்ணையும் வாரிக்கொண்டு வரும். கறுநீலத்திலும் அது தெரியும், வெள்ளையிலும் தெரியும். நடுவில் இருக்கும் நிறங்களில்தான் மறையும். போர்வெல் உப்புத் தண்ணீரில் கதவைக் கழுவினால் அடர்நிறத்தில் வெள்ளைத் திட்டுகள் நிற்கும். ஈரத் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள்.

வாஸ்துப்படி வடக்குக்கு இந்த நிறம், கிழக்குக்கு அந்த நிறம் என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். நிறம் வெயிலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதில் விடை இல்லை. உங்கள் அப்பாவுக்கு மனநிம்மதி என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். நீலக் கதவு அமைதி தரும், சிவப்புக் கதவு ஊக்கம் தரும் என்பதையும் நான் இந்த வகையில்தான் சேர்ப்பேன். என் அம்மாயி வீட்டுக் கதவு கிளிப்பச்சை. அந்த வீட்டில் அமைதி இருந்து நான் பார்த்ததில்லை.

பெயிண்டை முழுவதும் சுரண்டி வேப்ப மரத்தையே பாலீஷ் போட்டுக் காட்டலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். முடியும். ஆனால் முப்பது ஆண்டு எனாமல் மரத்தின் துளைகளுக்குள் இறங்கியிருக்கும். திட்டுத் திட்டாகத்தான் வெளுக்கும். எத்தனை நாள் கூலி ஆகும் என்று கதவைத் தொட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் செய்தால் மெலமைன் பாலீஷ் வேண்டாம், அது உள்கதவுக்கானது. வெளிக்கதவுக்கு வெயில் தாங்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பாலீஷ் போட வேண்டும்.

எதைச் செய்தாலும் சுரண்டும்போது கவனம் தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கதவில் இருக்கும் பெயிண்ட் அதற்கு வெகு காலம் முந்தையது. அதில் ஈயம் இருக்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன். உலர்ந்த உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்துத் தூள் பறக்க விடக் கூடாது. தண்ணீர் தொட்டு, நீர்த்தாளால் தேய்க்க வேண்டும். தீயால் உருக்கி எடுக்கிறேன் என்று ஊதுவிளக்கோடு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கீழே பாலித்தீன் விரித்து, விழுந்ததைச் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். மாட்டுத் தொட்டிப் பக்கம் அந்தத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள்.

ஒட்டுமா ஒட்டாதா என்று பார்க்கும் வழி இனிதான். மூன்று நீலங்களையும் ஒரு கரும்பச்சையையும் சின்ன டப்பாவில் வாங்குங்கள். ஒரு முழம் நீள அகலத்தில் நான்கு பிளைவுட் துண்டுகள் எடுத்து, பிரைமர் அடித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோட்டிங் கொடுங்கள். கதவிலேயே திட்டுத் திட்டாக அடித்துப் பார்க்காதீர்கள். பழைய நிறம் சுற்றிலும் இருந்து கண்ணை ஏமாற்றும். பலகைகளை ஒவ்வொன்றாகக் கதவில் தொங்கவிட்டு, காலை ஏழுக்கும் நண்பகலிலும் மாலை ஐந்துக்கும், இரவில் தாழ்வார விளக்கைப் போட்டும் பாருங்கள். அந்த விளக்கு வெள்ளை எல்.இ.டி. என்றால் ஒரு நிறம் காட்டும், மஞ்சள் எல்.இ.டி. என்றால் நீலம் பாதி சாம்பலாகிவிடும். ஒவ்வொரு முறையும் பத்தடித் தூரத்திலும் பாருங்கள், வண்டித் தடத்தில் போய் நின்றும் பாருங்கள். சிறு பலகையில் பார்த்த நிறம் முழுக் கதவில் இன்னும் தூக்கலாகத் தெரியும். ஆகவே இரண்டுக்கு நடுவே தடுமாறினால் அடக்கமானதை எடுங்கள். உங்கள் சுவரை நான் நேரில் பார்க்கவில்லை. நான் சொன்ன மேக நீலத்தை அந்தப் பலகைகளில் ஒன்று தோற்கடித்தால் பலகையைத்தான் நம்ப வேண்டும்.

ஆடிக் காற்றில் அடிக்க வேண்டாம், ஈரப் பெயிண்டில் புழுதி ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும், அப்போதும் வேண்டாம். ஆவணிக் கடைசியோ தை, மாசியோ சரியாக வரும். தச்சரை வைத்துக் கதவைக் கழற்றிப் படுக்க வைத்து அடிப்பதே நல்லது. இரவில் கதவில்லாமல் தோட்டத்து வீட்டில் படுக்க முடியாது என்பதால் விடிந்ததும் கழற்றி, காலையிலேயே ஒரு கோட்டிங் முடித்து, பொழுது சாயும்போது மாட்டிவிடச் சொல்லுங்கள். அடுத்த கோட்டிங் மறுநாள். கழற்றிய கையோடு கதவின் தலைவிளிம்பையும் அடிவிளிம்பையும் ஆள் விட்டுவிடாமல் அடிக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாது என்று அந்த இரண்டையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்; மழைத் தண்ணீர் மரத்துக்குள் ஏறுவது அந்த வழியாகத்தான்.